மாமாவை முதலைக்குப் போட்ட படம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் மாமாவை ஒரு முதலைக்குத் தூக்கிப் போட்டார்கள். போட்டவர் தெருச் சண்டியர் யாரும் இல்லை. மெல்பனில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொண்டாடிய ஒரு நடிகர். அதைப் பார்த்துக் கைதட்டியவள் என் உயிர்த் தோழி. நியாயம் கேட்டிருக்க வேண்டிய என் அப்பாவோ, கையில் பியர் கிளாசுடன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுபதுகளில் நடந்த கதை இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

அந்த நடிகரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தொலைக்காட்சியில் பழைய காட்டுப் படங்கள் போடுவார்கள். எல்லாவற்றிலும் ஒரே கதாநாயகன். இடுப்பில் ஒரு தோல் துண்டைத் தவிர வேறு உடுப்புக் கிடையாது. கொடியைப் பிடித்து மரத்துக்கு மரம் தாவுவார். ஆபத்து என்றால் ஒரு நீண்ட கூவல் போடுவார். யானைகள் ஓடி வரும். நாங்கள் இருந்த ஸ்பிரிங்வேலில் யானையும் இல்லை, கொடியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பின்வளவிலும் துணி காயப்போடுகிற சுழல் கம்பம் ஒன்று நின்றது. நானும் பக்கத்து வீட்டு ஷெரிலும் அதில் தொங்கிச் சுற்றிச் சுற்றிக் கூவுவோம். அம்மா குசினி யன்னலால் எட்டி, கம்பி வளைந்தால் முதுகுத் தோல் உரியும் என்பார். அது தமிழில் சொல்லப்பட்டதால் ஷெரிலுக்குப் பயமில்லை.

மாமா அம்மாவின் அண்ணன். இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். எங்களோடு வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இங்கே கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நல்ல உயரம். பேச்சுக் குறைவு. ஞாயிற்றுக்கிழமையும் சவரம் செய்து, ரை கட்டிக்கொண்டுதான் பேப்பர் வாசிப்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, அடுத்த நாள் நிகழ்ச்சிப் பக்கத்தை நான் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இரண்டு மணிக்குக் காட்டுப் படம். அந்த நடிகர் இந்த வேடத்தில் கடைசியாக நடித்தது என்று போட்டிருந்தது. இதற்குப் பிறகு வேறொரு இளைஞர் வந்தாராம். அவரை நானும் ஷெரிலும் ஏற்றுக்கொள்வதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம்.

மாமா பேப்பரை வாங்கிப் படத்தின் பெயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எங்கட ஊரில எடுத்தது. மலைநாட்டுப் பக்கம், ஒரு ஆத்தங்கரையில. நானும் இதில நிண்டனான்" என்றார்.

அப்பா தன் பேப்பரைக் கீழே இறக்கினார். "எதில, மச்சான்? படத்திலயோ, ஆத்திலயோ?"

"ரெண்டிலயும்தான்."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மாமா இருபது வயதில் அந்த ஆற்றில் வேலையாக இருந்தாராம். படம் எடுக்க வெள்ளைக்காரர் வந்தபோது, எங்கே ஆழம், எங்கே சுழி என்று காட்டித் தர திணைக்களம் அவரை அனுப்பியது. காட்டுக் கூட்டத்தின் தலைவனாக நடிக்க வந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். உயரமாக நின்றது மாமா. வெள்ளைச் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். முகத்தில் சிவப்புச் சாயம், தலையில் கோழிச் செட்டை, கையில் ஈட்டி.

"கதைச்சனீங்களோ மாமா? படத்தில கதைச்சனீங்களோ?"

"ஓம். உன்ர பாஷையில என்னவும் சொல்லு, ஆனால் கோவமாச் சொல்லு எண்டாங்கள். சொன்னனான்."

தமிழில்! தொலைக்காட்சியில் தமிழ்! மெல்பனில் அந்நாளில் தமிழ் எங்கள் வீட்டிலும், இரண்டு ரயில் நிலையம் தள்ளி இருந்த இன்னொரு வீட்டிலும்தான் கேட்கும். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு மாமா, நாளைக்குக் கேட்கலாம்தானே என்று எழும்பிப் போய்விட்டார். நான் வேலியைத் தாண்டி ஷெரிலிடம் ஓடினேன். எங்கள் கதாநாயகனை என் மாமாவுக்குத் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. அவளுடைய அப்பா லொறி ஓட்டுபவர், பெரிய சிரிப்புக்காரர், அவர் நம்பினார். அவர்கள் வீட்டில் அப்போதுதான் கலர் தொலைக்காட்சி வந்திருந்தது. எல்லாரும் இங்கே வந்து பாருங்கள் என்று வேலிக்கு மேலால் சொன்னார்.

அது ஒரு கலியாண வீட்டுக்குப் போவதுபோல் ஆயிற்று. அம்மா சேலை உடுத்து, ஒரு தட்டு நிறையப் பற்றீஸ் பொரித்துக்கொண்டு வந்தார். மாமா ரை கட்டியிருந்தார். நான் எல்லாருக்கும் முன்னால் கம்பளத்தில், ஷெரிலுக்குப் பக்கத்தில், இன்றைக்குப் பிறகு இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்போடு இருந்தேன்.

படம் தொடங்கியது. எங்கள் கதாநாயகன் வந்தார். அவர் கிழவராகியிருந்தார். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது தெரிந்தது. கொடியில் தாவுகிற இடம் தூரத்திலிருந்து காட்டப்பட்டது. அது வேறு யாரோ என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஷெரிலின் முகம் வாடியது.

"அவருக்கு அப்ப முழங்கால் வருத்தம்" என்று மாமா ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். ஷெரில் திரும்பி மாமாவை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

கம்பள விளம்பரம் வந்தது. டயர் விளம்பரம் வந்தது. பற்றீஸ் முடிந்தது. பிறகு ஆறு வந்தது.

பழுப்புத் தண்ணீர். முழங்காலளவில் அந்த நடிகரும், அவர் தோளைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும். எதிரே ஈட்டிகளோடு ஒரு கூட்டம். கூட்டத்தின் முன்னால் சிவப்பு முகத்தோடு ஒரு நெட்டை இளைஞன். செட்டைக்குக் கீழே இருந்த அந்தப் புருவத்தை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

"மாமா!" என்று கத்தினேன். பின்னால் அம்மா "ஐயோ அண்ணை" என்றது கேட்டது. மாமா உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்து, காதைத் தொலைக்காட்சிப் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் மாமா ஈட்டியை ஓங்கினார். கண்ணை உருட்டினார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"விடியத் துவங்கி இந்த மனுசன் தண்ணிக்க நிக்குது! கால் நடுங்குது! உங்களில ஒருத்தருக்கும் கண் தெரியேல்லையோ? ஒரு கதிரையைக் கொண்டுவந்து போடுங்கோவன்!"

அப்பா பியரைச் சிந்திவிட்டார். நான் சிரிக்கத் தொடங்கினேன். என் மாமா, எங்கள் கதாநாயகனுக்குக் கதிரை கேட்கிறார்! இதைவிடப் பெருமை வேறென்ன? ஷெரிலுக்குச் சொல்லத் திரும்பினேன். அதற்குள் படத்தில் அந்த நடிகர் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து, கவலையான முகத்தோடு, அதற்கு விளக்கம் சொன்னார். சூரியன் மறைவதற்குள் நம் இரண்டு பேரின் தலையையும் கொய்யப்போவதாக இவன் சத்தியம் செய்கிறான், என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பொய். பச்சைப் பொய். ஆனால் பெண் நம்பினாள். அலறினாள். நடிகர் பாய்ந்து மாமாவின் ஈட்டியைப் பறித்தார், இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார், தூக்கி ஆற்றின் நடுவில் எறிந்தார். அங்கே ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு நின்றது. மாமாவின் கை ஒரு தடவை மேலே வந்தது. செட்டை ஒன்று மிதந்து போனது. பிறகு அந்தக் கூவல்.

ஷெரில் எழும்பி நின்று கைதட்டிக் கூவினாள்.

நான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். "அவர் கதிரைதான் கேட்டவர்!" என்று தமிழில் கத்தி, பிறகு ஆங்கிலத்திலும் கத்தினேன். அவர் உங்கள் ஆளுக்குக் கால் நோகிறதென்று கதிரை கேட்டார், அதற்கு இதுவா செய்வது? ஷெரிலின் அப்பா நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார். மாமாவின் முதுகில் தட்டி, அருமையான சாவு என்று பாராட்டினார். அம்மா என் தொடையில் கிள்ளினார். வந்த வீட்டில் மரியாதையாக இருக்க வேண்டுமாம். மாமாவைக் கொன்றது மரியாதையாக்கும்?

மாமா சிரித்துக்கொண்டு, முதலை றப்பர் என்று ஷெரிலுக்கு விளக்கினார்.

வீட்டுக்கு வருகிற இருபது அடி தூரத்தில் அம்மாவின் குறை வேறாக இருந்தது. "சேட்டும் இல்லாமல், கோழிச் செட்டையோட! ஊரில ஆரும் பாத்திருந்தால் என்ன நினைச்சிருப்பினம், அண்ணை?" அப்பாவின் கவலை அதுவும் இல்லை. "மச்சான், செத்த பிறகும் கை காட்டினீர் பாரும், அதுதான் நடிப்பு" என்றார். நடந்த அநியாயத்தைப் பற்றி ஒருத்தருக்கும் பேச்சில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் போவதற்கு முன்னரே செய்தி போய்விட்டது. விளையாட்டு மைதானத்தில் பையன்கள் ஈட்டி பிடித்து உளறிவிட்டுப் புல்லில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். ஷெரில் அவர்களுக்குச் சரியாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். உயிர்த் தோழி.

காலையில் வகுப்பில் ஆளுக்கொரு செய்தி சொல்கிற நேரம் ஒன்று உண்டு. நான் கையை உயர்த்தினேன். முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்: யார் மாமா, என்ன வேலை, எந்த ஆறு, என்ன சொன்னார், அதை எப்படி மாற்றினார்கள். ஆசிரியை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நல்லவர். ஆனால் முடிவில், அப்படியென்றால் உன் மாமாவுக்கு அந்தக் காட்டுப் பாஷை தெரியுமா, என்று கேட்டார்.

காட்டுப் பாஷை இல்லை, தமிழ், என்றேன். அவருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. கரும்பலகைக்குப் போய்ப் பெரிதாகத் தமிழ் என்று எழுதினேன். அம்மா எனக்குக் கற்றுத்தந்திருந்த எழுத்து. ழகரத்தின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. ஆசிரியை தூர நின்று பார்த்து, எவ்வளவு அழகான சித்திரம் என்றார். உனக்கு நல்ல கற்பனை வளம் இருக்கிறது என்றும் சொல்லி, மற்றப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் காகிதத்தை விரித்து, தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள ஐயா' என்று எழுதி, அன்புள்ள என்பதை வெட்டினேன். நீங்கள் நேற்றுப் போட்ட படத்தில் ஒரு பொய் இருக்கிறது. இனிமேல் அதைப் போடும்போது, அந்தத் தலைவர் கேட்டது கதிரை என்று கீழே எழுதிக் காட்ட வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும். இப்படி ஒரு பக்கம் போனது.

நாலு மணிக்கு மாமா வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்து தேத்தண்ணி குடித்தார்.

"மாமா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. நீங்களே ரீச்சருக்குச் சொல்லுங்கோ."

"எனக்கு வேலை, பிள்ளை."

"அப்ப புதன்கிழமை."

"வேண்டாம். விடு."

"அந்த நடிகருக்குத் தெரியுமோ? நீங்கள் கதிரை கேட்டது?"

"ஓம், தெரியும். அந்தக் காட்சி முடிஞ்சோடன என்ன சொன்னனீர் எண்டு கேட்டவர். சொன்னன். ஆள் விழுந்து விழுந்து சிரிச்சுது. பிறகு கதிரை வந்தது. இருந்துபோட்டு, தாங்ஸ் எண்டவர்."

"அப்ப தெரிஞ்சும் உங்களை முதலைக்குப் போட்டவரோ!"

"அது அடுத்த நாள் எடுத்தது. கதையில அப்பிடி எழுதியிருந்தது, அவர் என்ன செய்யிறது?"

"உங்களுக்குக் கதிரை தந்தவங்களோ?"

மாமா கோப்பையை வைத்தார். இதை அவர் யோசித்ததில்லைப் போல் இருந்தது. அல்லது மிகவும் யோசித்திருந்தார்.

"நான் இளந்தாரி. எனக்கென்னத்துக்குக் கதிரை" என்றார். பிறகு, நான் கேட்காமலே, என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எனக்குப் பின்னால நாப்பது பேர் மட்டில நிண்டவங்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆக்கள். அவங்களும் விடியத் துவங்கி அந்தத் தண்ணிக்கதான். வயசாளிகளும் நிண்டது. அட்டை கடிச்சுக் காலெல்லாம் ரத்தம். நான் கதிரை எண்டு கத்தினோடன பின்னால ஒருத்தர் சொன்னார், 'எங்களுக்கும் சேத்துக் கேளுங்கய்யா' எண்டு. எல்லாரும் சிரிச்சவங்கள். நானும் சிரிச்சன்."

"கேட்டனீங்களோ?"

"இல்லை."

கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நேற்றுப் படத்தில அந்தாளின்ர குரல் கேக்குதோ எண்டு பாத்தன். என்ர குரல் முடியிற இடத்தில வரவேணும். இல்லை. வெட்டிப்போட்டாங்கள்." பிறகு, "அந்தாள் இப்ப எங்கையோ. அந்தத் தோட்டத்து ஆக்களைக் கனபேரை, குடியுரிமை இல்லையெண்டு, இந்தியாவுக்கு ஏத்தி அனுப்பிப்போட்டாங்கள்" என்றார்.

நான் பொறுமை இழந்திருந்தேன். நடந்த அநியாயத்தைப் பேச உட்கார்ந்தால், மாமா கதையில் இல்லாத யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முதலைக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு எப்படி என்று கேட்டேன். சொன்னார். எழுதினேன். அப்போது அவர் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சுள்ளென்று உறைத்தது: மாமாவுக்குக் கதிரை கொடுக்கவில்லை. அதுவும் எழுதப்பட வேண்டியதுதான். கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில், என் மாமாவுக்கும் ஒரு கதிரை கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். என் வாழ்க்கையில் எழுதிய எதைப் பற்றியும் அவ்வளவு திருப்தியாக நான் இருந்ததில்லை.

மாமாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். முன்பக்கம் வாசித்தார். பின்பக்கம் வாசித்தார். அந்த ஒற்றை வரியைக் கடந்தும் அவர் பார்வை கீழே போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஓம் என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. நான் அதை நாலாக மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டினேன்.